இழுப்பது நாலு சில்லு, நிறுத்துவது ரயர்

அத்தியாயம் 7: பனிக்காலத்தில் ஃபோர் வீல் எஸ்.யூ.வி.

முதன்முதலாக எஸ்.யூ.வி. வாங்கிய வருடம், எப்போது பனி கொட்டும் என்று நான் காத்திருந்தேன். அதற்கு முந்திய குளிர்காலங்கள் எல்லாம் ஒரு சின்னக் காரில் கழிந்தவை. பனி கொட்டிய காலைகளில் அதை வாசலில் இருந்து வெளியே எடுக்கவே அரைமணி நேரம் சவள் போடவேண்டும். டிசம்பர் நடுவில் ஒரு இரவு நன்றாகக் கொட்டியது. விடிய எழும்பிப் பார்த்தால், வீதியைத் தள்ளிக்கொண்டு போன பனி வண்டி எங்கள் வாசலுக்குக் குறுக்கே வயல் வரம்பு கட்டியது போல முழங்கால் உயரத்துக்குப் பனியைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. நான் சவளைத் தொடவில்லை. வரம்பின் மேலே நேரே ஏற்றினேன். நாலு சில்லும் சேர்ந்து இழுத்தன, வண்டி வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணை தன் பழைய கொரோல்லாவைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டு நின்றார். கொஞ்சம் பெருமையோடுதான் கை காட்டிவிட்டுப் போனேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் ஒரு கிளை வீதி. இறக்கத்தின் அடியில் ஸ்ரொப் பலகை. வழக்கமாக மிதிக்கும் இடத்தில் பிறேக்கை மிதித்தேன். பாதத்துக்குக் கீழே பெடல் கடகடவென்று துடித்தது, வண்டி நிற்கவில்லை. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஸ்ரொப் பலகை ஆறுதலாக என் ஜன்னலைக் கடந்து பின்னால் போனது. நல்லகாலம், குறுக்கே ஒரு வாகனமும் வரவில்லை. வலது முன் சில்லு நடைபாதை விளிம்பில் மோதித்தான் வண்டி நின்றது. றிம் வளைந்துவிட்டது.

அன்று பின்னேரம் அண்ணை வந்து றிம்மைக் குனிந்து பார்த்தார். காலையில் அவரும் அதே இறக்கத்தால்தான் போயிருந்தார், அந்தப் பலகையில் நின்றும் இருந்தார்.

"அண்ணை, இது ஃபோர் வீல். எப்பிடிச் சறுக்கினது எண்டு விளங்கேல்லை" என்றேன்.

"தம்பி, எஞ்சின்ரை பலம் நாலு சில்லுக்கும் போகுது, சரி. பிறேக் எந்தக் காரிலை ரெண்டு சில்லுக்கு மட்டும் இருக்கு?"

அவருடைய காரில் குளிர்கால ரயர் இருந்தது. என்னுடையதில், வாங்கிய நாளில் இருந்த ரயர். இந்த அத்தியாயம் முழுவதும் அவருடைய அந்தக் கேள்விக்கான விரிவுரைதான்.

ஒரு பை, மூன்று செலவு

ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடுவது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு இடத்தில். எவ்வளவு பெரிய வண்டியானாலும் அதற்கு நாலு உள்ளங்கைதான் கால். புறப்படுவது, திரும்புவது, நிற்பது என்ற மூன்று செலவும் அந்த நாலு உள்ளங்கைப் பிடிக்குள் அடங்கவேண்டும். காய்ந்த தார் வீதியில் பை நிறையக் காசு இருக்கிறது. இறுகிய பனியில் அது மூன்றில் ஒன்றாகிறது. ஐஸில் ஏழில் ஒன்று மிஞ்சினால் பெரிது.

ஃபோர் வீல் செய்வது ஒரே வேலை. இரண்டு சில்லு சுமந்த 'இழுக்கும்' செலவை நாலுக்கும் பங்கிடுகிறது. அதனால் வாசல் வரம்பைக் கடப்பதும், ஏற்றத்தில் ஏறுவதும், சந்தியில் பச்சை விழுந்ததும் கிளம்புவதும் சுலபமாகின்றன. நிறுத்தும்போதும் திருப்பும்போதும் பைக்குள் ஒரு சதம்கூடச் சேர்வதில்லை.

பிறேக் பிடித்த இடத்தில் இருந்து வண்டி நிற்கும் இடம்வரை எவ்வளவு தூரம் என்பதை, வழக்கமான உராய்வு அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும்:

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில்
- காய்ந்த தார்: 14 மீற்றர்
- இறுகிய பனி: 40 மீற்றர்
- ஐஸ்: 100 மீற்றர்

மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில்
- காய்ந்த தார்: 36 மீற்றர்
- இறுகிய பனி: 100 மீற்றர்
- ஐஸ்: 250 மீற்றர்

கண் கண்டு, கால் பிறேக்குக்குப் போகும் ஒன்றரை வினாடியில், 50 கிலோமீற்றர் வேகத்தில் இன்னும் 20 மீற்றர் ஓடிவிடும். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் ஃபோர் வீல் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டியின் எடையும் வரவில்லை. "கனமான வண்டி, பனியில் அமத்திப் பிடிக்கும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எடை ரயரை அமத்துவது உண்மை. நிற்கவேண்டிய நேரத்தில் அதே எடை முன்னால் தள்ளுவதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும்.

இதைவிட ஆபத்தான சங்கதி ஒன்று இருக்கிறது. முன் சில்லு மட்டும் இழுக்கும் சின்னக் கார் ஒரு வெகுளி. வீதி வழுக்கினால் முதல் சந்தியிலேயே சில்லைச் சுழற்றி உங்களுக்குச் சொல்லிவிடும், நீங்களும் பயந்து மெதுவாகப் போவீர்கள். எஸ்.யூ.வி. அதைச் சொல்லாது. வழுக்கும் வீதியிலும் வழுக்காத வீதியிலும் அது ஒரே மாதிரிக் கிளம்பும். வீதியின் உண்மையான நிலை உங்களுக்குத் தெரியவரும் முதல் இடம், நிற்கவேண்டிய இடமாக இருக்கும்.

ஆகவே வீதியைப் பற்றி எஞ்சினிடம் கேட்காதீர்கள், பிறேக்கிடம் கேளுங்கள். பனி நாளில் வீட்டில் இருந்து புறப்பட்டதும், மேடு பள்ளம் இல்லாத அமைதியான வீதியில், பின்னால் ஒருவரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, 20 கிலோமீற்றர் வேகத்தில் பிறேக்கை ஒருமுறை உறுதியாக மிதியுங்கள். வண்டி உடனே நின்றால் நல்லது. பெடல் துடித்து வண்டி நழுவினால் அன்றைய வேகமும் இடைவெளியும் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வினாடி வேலை. நான் அன்று செய்திருந்தால் றிம் தப்பியிருக்கும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஊரில் எங்களுக்கு இந்த மாதிரி வாகனம் எல்லாமே ஜீப்தான். இங்கே வாங்கும்போது உள்ளே இருப்பது என்ன என்று பிரித்து அறியவேண்டும், ஏனென்றால் ஓடும் முறை மாறும். வண்டியோடு வந்த கைநூலைத் திறந்து, கீழே உள்ளவற்றில் எது உங்களுடையது என்று பாருங்கள்.

ஓல் வீல் டிரைவ். ரொறன்ரோத் தெருக்களில் ஓடும் குடும்ப எஸ்.யூ.வி.களில் பெரும்பாலானவை இந்த வகை. ஹொண்டா சி.ஆர்.வி. போன்றவற்றில் சாதாரண நேரத்தில் முன் சில்லுகள்தான் பெரும்பாலும் இழுக்கும். அவை சுழலத் தொடங்கினால், அல்லது சுழலும் என்று கணினி நினைத்தால், பின்பக்கத்துக்கும் பலம் போகும். சுபாரு ஃபொறெஸ்டரில் எப்போதும் நாலுக்கும் போகிறது. ரொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டில் பின்சில்லுகளுக்கு எஞ்சினில் இருந்து தண்டே போவதில்லை. பின்னால் தனியாக ஒரு மின்மோட்டர் இருக்கிறது. இந்த வகையில் சாரதி எதையும் மாற்றத் தேவையில்லை. 'ஸ்நோ' என்று ஒரு பொத்தான் இருந்தால் பனியில் அதை அமத்துங்கள். அக்சிலரேற்றரின் துடுக்கைக் குறைத்து, பலத்தை மெதுவாக அனுப்பும்.

தேவைக்கு மட்டும் ஃபோர் வீல். ஜீப் ராங்ளர் பலவற்றிலும் பெரும்பாலான பிக்கப்களிலும் இருப்பது இது. 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலை இருக்கும். 2எச் என்றால் பின்சில்லு மட்டும். பனி மூடிய வீதியில் 4எச். ஆழப் பனியில் புதைந்தால், அல்லது செங்குத்தான இறக்கத்தில் ஊர்ந்து இறங்க, 4எல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 4எச்-இல் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். வளைவில் முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு தூரம் ஓடவேண்டும். பனியில் ரயர் கொஞ்சம் நழுவி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் நழுவ முடியாது, பல்சக்கரங்கள் இறுகும். வாகனத் தரிப்பிடத்தில் ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல விக்கி விக்கிப் போனால், அதுதான் இது. உடனே 2எச்-க்கு மாற்றுங்கள். உப்புப் போட்டுக் கரைந்து ஈரத் தாராகக் கிடக்கும் பெரிய வீதிகளிலும் 2எச்தான் சரி. உள் வீதிப் பனிக்குள் திரும்பும்போது மறுபடி 4எச். 2எச்-இல் இருந்து 4எச்-க்கு ஓடிக்கொண்டே மாற்றலாம், எந்த வேகம்வரை என்று கைநூல் சொல்லும். 4எல்-க்கு வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, நியூற்றலில் போட்டுத்தான் மாற்றவேண்டும்.

முழுநேர ஃபோர் வீல். முன் அச்சையும் பின் அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் ஒரு டிஃபரன்ஷியல் நடுவில் இருப்பதால் காய்ந்த வீதியிலும் நாலுமே இழுக்கலாம். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் பொத்தானை ஆழப் பனிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயர்: காசு போடவேண்டிய இடம்

குளிர்கால ரயர் போட்ட சாதாரணக் காரா, நாலுபருவ ரயர் போட்ட ஃபோர் வீலா என்று கேட்டால், நிறுத்தத்திலும் திருப்பத்திலும் முதலாவதுதான் வெல்லும். இரண்டையும் சேர்த்தால் அதைவிட நல்ல பனிக்கால வண்டி கிடையாது.

காரணம் இறப்பரில் இருக்கிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் நாலுபருவ ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால ரயர் மைனஸிலும் மெதுமையாக இருக்கும்படி செய்யப்பட்டது. ஜனவரிக் காலையில் இரண்டையும் பெருவிரல் நகத்தால் அமத்திப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்கே தெரியும். அதோடு குளிர்கால ரயரின் கட்டைகளில் பிளேட்டால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை விரிந்து பனியைக் கடித்துப் பிடிக்கும்.

வாங்கும்போதும் பூட்டும்போதும் கவனிக்க வேண்டியவை:

1. ரயரின் பக்கத்தில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் உள்ள சின்னம் இருக்கவேண்டும். பனியில் சோதித்துத் தேறியது என்பதற்கு அதுதான் அடையாளம். வெறும் 'எம் அன்ட் எஸ்' எழுத்து தவாளிப்பின் வடிவத்தைத்தான் சொல்லும்.

2. நாலுமே மாற்றவேண்டும். இழுக்கும் சில்லுக்கு மட்டும் போட்டுக் காசு மிச்சம் பிடித்தால், முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வளைவில் சுற்றிக்கொண்டு வரும். ஓல் வீல் வண்டியில் இன்னொரு கேடும் உண்டு. நாலு ரயரின் தேய்மானமும் ஒத்திருக்காவிட்டால் பலத்தைப் பங்கிடும் பகுதி ஓயாமல் வேலை செய்து பழுதாகும்.

3. தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் பனிக்கு அந்த ரயர் உதவாது.

4. குளிரில் காற்று சுருங்கும். வெப்பநிலை 5, 6 பாகை இறங்க ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். ஒக்ரோபரில் 15 பாகையில் அடித்த காற்று ஜனவரியில் மைனஸ் 20-இல் 6 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். "காற்றைக் குறைத்தால் பனியில் நல்லாப் பிடிக்கும்" என்பது மணலுக்குச் சொன்ன யோசனை. வீதியில் கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவையே வையுங்கள்.

5. தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் கராஜில் நேரம் பதிந்துவிடுங்கள். முதல் பனி கொட்டிய மறுநாள் அங்கே நிற்கும் வரிசையில் நீங்கள் இருக்கக்கூடாது.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதை நெடுஞ்சாலைகளுக்கு ஒக்ரோபர் 1-இல் இருந்தே தேவை. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல், குளிர்கால ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுக்கவேண்டும். முகவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

புறப்பட முன் பத்து நிமிடம்

- முதலில் புகைக்குழாய். பனி அதை மூடியிருந்தால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். துப்புரவாக்கிய பிறகே எஞ்சினை ஸ்ராட் செய்யுங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது.
- கூரைப் பனி. எஸ்.யூ.வி. உயரம் என்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உள்ளே வெப்பம் ஏறியதும் கூரையின் பனி அடியில் இளகும். பிறேக் பிடித்ததும் பாய்போல முழுதாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடும். 401 நெடுஞ்சாலையில் என்றால் பறந்துபோய்ப் பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். நீட்டுத் தடி வைத்த தூரிகை ஒன்று வாங்கி வையுங்கள்.
- கண்ணாடி முழுவதும். ஸ்ரியறிங்குக்கு நேரே ஒரு தட்டளவு வட்டம் சுரண்டிவிட்டு ஓடுவது ஆபத்து, தண்டமும் வரும்.
- லைற் எல்லாவற்றையும் துடைத்து, கையால் போடுங்கள். பகல் லைற் தானாக எரியும் பழைய வாகனங்களில் பின்லைற் எரியாது. வெள்ளைப் பனிக்குள் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.
- முன்பக்க ராடாரும் கமெராவும் பனியால் மூடினால் தானியங்கிப் பிறேக் வேலை செய்யாது. நீண்ட பயணத்தில் இடையில் இறங்கித் துடைக்கவும்.
- கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40-க்கு உறையாததாக இருக்கட்டும். மேலதிகமாக ஒரு கலன் பின்னால்.
- சப்பாத்தின் அடிப்பனியைத் தட்டிவிட்டு ஏறுங்கள். ஈரச் சப்பாத்து பெடலில் வழுக்கும், உள்ளே உருகும் பனி கண்ணாடியில் புகார் படியவைக்கும்.

வீதியில்

கிளம்பும்போது மெல்ல. கால் விரல்களுக்கும் அக்சிலரேற்றருக்கும் நடுவில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது, வழக்கமான தூரத்துக்கு மூன்று மடங்கு முன்னாலேயே தொடங்குங்கள். முன் வாகனத்துக்கு இடைவெளி காய்ந்த நாளில் இரண்டு வினாடி என்றால் பனியில் ஆறு, எட்டு. சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்து பெடல் துடித்தால் காலை எடுக்கவேண்டாம், பெடலை விட்டுவிட்டு அமத்தவும் வேண்டாம். ஊரில் பழைய வாகனங்களில் பழகிய அந்தப் பழக்கம் இங்கே நிற்கும் தூரத்தைக் கூட்டும். ஒரே மிதி, இறுக்கிப் பிடித்தபடி, ஸ்ரியறிங்கால் வழி தேடுங்கள். ஏ.பி.எஸ். இருப்பதே, பிறேக்கோடு திருப்பவும் முடியவேண்டும் என்பதற்காக.

வளைவில், வேகத்தை முன்னாலேயே, நேரான பகுதியில் குறையுங்கள். வளைவுக்குள் பிறேக் பிடித்தால் திருப்பும் செலவும் நிறுத்தும் செலவும் ஒரே நேரத்தில் பையைக் கேட்கும். நடைபாதை விளிம்பில் பக்கவாட்டாக மோதினால் உயரமான வண்டி கவிழ்வதற்கும் இடம் உண்டு.

இறக்கத்தில் உச்சியிலேயே சின்னக் கியருக்கு மாற்றுங்கள். இந்த ஓரிடத்தில் ஃபோர் வீல் நிறுத்தவும் கொஞ்சம் உதவும். எஞ்சினின் தடை இரண்டு சில்லில் விழாமல் நாலிலும் பரவும். இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் இருந்தால் அதையும் போடலாம்.

ஏற்றத்தில் அடியிலேயே அளவான வேகம் எடுத்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஏறுங்கள். முன்னால் போகிற வாகனம் ஏறித் தீரும்வரை கீழே காத்திருப்பது நல்லது.

குறூஸ் கொன்ரோலைப் பனி, மழை, ஐஸ் எதிலும் போடவேண்டாம்.

கறுப்பு ஐஸ். கண்ணாடிபோல மெல்லிய ஐஸ் தாரின் நிறத்திலேயே கிடக்கும். ஈரம்போலத் தெரியும் வீதியில் முன் வாகனத்தின் சில்லுகள் தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். பாலங்களும் மேம்பாலச் சரிவுகளும் முதலில் உறையும், ஏனென்றால் அவற்றுக்கு மேலும் கீழும் குளிர்காற்று. மைனஸ் 20-ஐ விட 0 பாகையை ஒட்டிய ஐஸ்தான் அதிகம் வழுக்கும். மறுபக்கம், மைனஸ் 10-க்குக் கீழே வீதி உப்பின் வேலை மிகவும் குறைந்துவிடும். "உப்புப் போட்டிருக்கு" என்ற நம்பிக்கையை அந்த நாட்களில் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

பனிச்சூறல். ரொறன்ரோவில் இருந்து 400 நெடுஞ்சாலையால் பாரிப் பக்கம் போகிறவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். இன்னும் உறையாத ஜோர்ஜியன் விரிகுடாவின் நீரின் மேலாக வரும் கடுங்குளிர்க் காற்று ஈரத்தை அள்ளிவந்து, ஒடுக்கமான பட்டிபோலக் கொட்டும். வெயில் எறிக்கும் வீதியில் போய்க்கொண்டிருப்பீர்கள், ஐந்து நிமிடத்தில் முன் வண்டி மறைந்துவிடும். வெள்ளைச் சுவர் தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளிவழியால் இறங்குங்கள். ஓடும் பாதையில் நிறுத்தாதீர்கள், பின்னால் வருபவருக்கும் ஒன்றும் தெரியாது. புறப்பட முன் 511 வீதித் தகவல் சேவையில் நிலவரம் பாருங்கள்.

நீல லைற் மின்னினால் அது பனி தள்ளும் வண்டி. அது போன பின்னால் கிடக்கும் வீதிதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வீதி. முந்த ஆசைப்படாதீர்கள்.

நெடுஞ்சாலையில் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கினால் உடனே பயப்படவேண்டாம். பல நேரங்களில் றிம்முக்குள் ஒரு பக்கமாகப் பனிச்சேறு உறைந்து சில்லின் சமநிலை குலைந்திருக்கும். பாதுகாப்பான இடத்தில் இறங்கித் தட்டிவிட்டால் நின்றுவிடும்.

சறுக்கினால்

ஸ்ரியறிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகிறதா? முன்சில்லு பிடி விட்டுவிட்டது. மேலும் திருப்புவதால் பயன் இல்லை. அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்து, திருப்பிய ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வேகம் குறைந்ததும் பிடி திரும்ப வரும்.

பின்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறதா? பிறேக்கைத் தொடவேண்டாம். காலை எடுத்து, எங்கே போகவேண்டுமோ அங்கே கண்ணை வைத்து, அந்தப் பக்கமே ஸ்ரியறிங்கைத் திருப்புங்கள். மோதக்கூடாத மரத்தைப் பார்த்தால் கை உங்களை மரத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். கனடாவில் 2011 செப்ரெம்பருக்குப் பின் செய்த வாகனங்களில் சறுக்கலைச் சமாளிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம் இருக்கும். அது தனித்தனிச் சில்லில் பிறேக் பிடித்து உதவும். ஆனால் அதுவும் அதே நாலு உள்ளங்கைக்குள்தான் செலவு செய்யவேண்டும்.

புதைந்தால்

ஃபோர் வீல் புதைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வயிறு தட்டுவது. அடிப்பகுதி பனிமேட்டில் குந்திவிட்டால் நாலு சில்லும் அந்தரத்தில் சுற்றும்.

1. சில்லைச் சுழற்றாதீர்கள். சுழலச் சுழலக் கீழே உள்ள பனி உருகி ஐஸாகும்.
2. இறங்கிப் புகைக்குழாயைத் துப்புரவாக்கி, பிறகு வயிற்றுக்கு அடியிலும் நாலு சில்லுக்கு முன்னும் பின்னும் சவளால் அள்ளுங்கள்.
3. ஸ்ரியறிங்கை நேராக வையுங்கள். மணலோ பூனைக் கழிவு மணலோ சில்லுக்கு முன்னால் தூவுங்கள்.
4. 4எல் இருந்தால் போடுங்கள். சில்லு சுழன்றதும் எஞ்சின் பலத்தையே வெட்டிவிடும் கட்டுப்பாட்டை இந்த நேரத்துக்கு மட்டும் பொத்தானால் நிறுத்தலாம். வெளியே வந்ததும் திரும்பப் போடுங்கள்.
5. மெதுவாக முன்னே, மெதுவாகப் பின்னே, ஊஞ்சல்போல. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு சாண்.

ஊரில்லாத இடத்தில், இரவில், வெளியே வர முடியவில்லை என்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைத்துச் சூடாக இருங்கள். அதற்காகத்தான் குளிர்காலத்தில் பெற்றோல் ராங்கி அரைக்குக் கீழே போகக்கூடாது என்பது. பின்பக்கத்தில் எப்போதும் இருக்கவேண்டியவை: மடக்கும் சவள், மணல், கம்பளி, கையுறை, ரோச், பற்றறிக்குக் கம்பி, தொலைபேசிக்கு மின்கம்பி, தண்ணீர், கொறிக்க ஏதாவது.

கடைசியாக ஒரு பயிற்சி

முதல் பனி கொட்டிய வார இறுதியில், அனுமதி பெற்ற ஒரு வெறும் தரிப்பிடத்தில் அரைமணி நேரம் செலவழியுங்கள். 20-இல் பிறேக் பிடித்துப் பாருங்கள், 30-இல் பிடித்துப் பாருங்கள். நின்ற இடங்களை இறங்கி நடந்து அளந்து பாருங்கள். வண்டியின் பலம் எல்லாருக்கும் தெரியும், அதன் எல்லையைக் காலால் அளந்தவர் குறைவு.

நான் இப்போது வாசல் வரம்பின் மேலே ஏற்றுவதில்லை. அண்ணையோடு சேர்ந்து நானும் சவள் போடுகிறேன். உடம்புக்குத் தேகப்பயிற்சி என்று மனைவியிடம் சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் வேறு. சவள் பனிக்குள் சத்தமில்லாமல் இறங்கினால் அன்றைக்கு வீதி பரவாயில்லை. அடியில் 'சரக்' என்று உரசி நின்றால், பஞ்சுப் பனிக்குக் கீழே ஐஸ் படுத்திருக்கிறது. வண்டி எனக்குச் சொல்லாததைச் சவள் சொல்லிவிடும். அந்தச் சத்தம் கேட்ட காலைகளில் இருபது நிமிடம் முந்திப் புறப்படுகிறேன்.